குறைந்த பணத்தில் நீண்ட ஜூம் கேமரா: பறவை படமெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நில ஓரமாகப் போய் நின்றுவிடுவான். இதுவரை படமெல்லாம் அலைபேசியில்தான். அதில் நீலத் தாழைக்கோழி என்று அவன் காட்டுவது ஓர் ஊதாப் புள்ளியாக இருக்கும். போன பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் போன் செய்தான். "மாமா, இருபத்திரண்டாயிரம் சேர்த்துட்டேன். 60 எக்ஸ் கேமரா ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். வாங்கிடட்டுமா?"

இப்போது வாங்காதே, ஞாயிறு வீட்டுக்கு வா என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், அப்புறம் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கியதையும்தான் இங்கே எழுதுகிறேன். பணம் நிறைய இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அளவாக இருக்கிறவர்களுக்குத்தான் ஒவ்வொரு ஆயிரமும் சரியான இடத்தில் போய் விழ வேண்டும்.

முதலில் 'எக்ஸ்' என்ற எண்ணை மறந்துவிடுங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 50 எக்ஸ், 60 எக்ஸ் என்பது எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும் என்பதன் அளவு அல்ல. லென்ஸ் போகும் பெரிய மி.மீ. எண்ணைச் சின்ன மி.மீ. எண்ணால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். பானசோனிக் எஃப்இசட்80 என்ற கேமரா 20 மி.மீ. முதல் 1200 மி.மீ. வரை போகும். 1200-ஐ 20-ஆல் வகுத்தால் 60 எக்ஸ். கேனான் எஸ்எக்ஸ்50 எச்எஸ் 24 முதல் 1200 வரை. அது 50 எக்ஸ். மரத்தில் இருக்கும் பறவை இரண்டிலும் ஒரே அளவில்தான் தெரியும். கூடுதலாக இருக்கும் பத்து எக்ஸ், மண்டபத்துக்குள் குரூப் போட்டோ எடுக்க உதவும். பறவைக்கு உதவாது.

ஆகவே விவரக் குறிப்பில் '35 மி.மீ. இணை' (எல்லாக் கேமராவையும் ஒப்பிட உதவும் பொது அளவு) என்று போட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணைத் தேடுங்கள். நம் கண் பார்ப்பது ஏறக்குறைய 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 400 மி.மீ. என்பது எட்டு மடங்கு, அதாவது சாதாரண பைனாகுலர் காட்டும் அளவு. 1200 என்பது 24 மடங்கு. நிக்கான் பி900-இன் 2000 மி.மீ. 40 மடங்கு.

டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று தனியாகப் போட்டிருப்பார்கள். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலை அது. வீட்டில் கம்ப்யூட்டரிலேயே அதைச் செய்துகொள்ளலாம். கேமரா கைக்கு வந்த அன்றே மெனுவில் அதை அணைத்துவிடுங்கள்.

எவ்வளவு தூரத்தில், எந்தப் பறவை?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பறவை நிற்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, 36-ஆல் பெருக்கி, மில்லிமீட்டர் எண்ணால் வகுங்கள். படச் சட்டத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று வந்துவிடும்.

40 மீட்டர் தூரத்தில், 1200 மி.மீ. லென்ஸில், சட்டத்தின் அகலம் 1.2 மீட்டர். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். ஆக, சட்டத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இடம் பிடிக்கும். நல்ல படத்துக்கு அது போதும். அதே இடத்தில் 2000 மி.மீ. என்றால் அகலம் 72 செ.மீ.; மீன்கொத்தி நன்றாகவே நிறைந்து நிற்கும். மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அதை 40 மீட்டரில் 1200-இல் பிடித்தால் தலையோ காலோ வெட்டுப்படும்!

தம்பியிடம் (மருமகனானாலும் என் வாயில் அவன் தம்பிதான்) இந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். நான்கைந்து இடங்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: "அப்ப பாதி தூரம் கிட்டப் போனா, ஜூம் ரெண்டு மடங்கு ஆன மாதிரிதானே மாமா?" அதேதான். 40 மீட்டரில் 1200 காட்டுவதை 20 மீட்டரில் 600 காட்டிவிடும். இடையில் இருக்கும் காற்றும் தூசியும் பாதியாகும் என்பதால், கிட்ட இருந்து எடுத்த படம் தெளிவாகவும் இருக்கும். மறைவாக உட்கார்ந்து பறவை தானாகப் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருப்பதற்குப் பைசா செலவில்லை. எந்த லென்ஸும் தராத தெளிவை அது தரும்.

உங்கள் ஊரில் எங்கே நின்று எடுப்பீர்கள் என்று யோசியுங்கள். கண்மாய்க் கரை, வயல் வரப்பு, மொட்டை மாடி என்றால் 600 முதல் 1200 வரை போதும். வேடந்தாங்கல் மாதிரிக் கரையை விட்டு இறங்க முடியாமல், ஏரிக்குள் நிற்கும் மரங்களைப் பார்த்து எடுக்க வேண்டிய இடங்களே அதிகம் என்றால் 1200-க்குக் கீழே போகாதீர்கள்.

ஜூமை விட ஒளிக்குக் காசு கொடுங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். இந்த விலையில் கிடைக்கும் நீண்ட ஜூம் கேமராக்களின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) 1/2.3 அங்குல வகை. அதாவது 6.2-க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. இவ்வளவு சின்ன சென்சார் இருப்பதால்தான் அவ்வளவு நீண்ட ஜூமைக் கைக்கு அடக்கமாகச் செய்ய முடிகிறது. ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும். மேகம் மூடினால், அந்தி சாய்ந்தால், படத்தில் மணல் தூவின மாதிரிப் புள்ளி வந்துவிடும். ஒரு அங்குல சென்சார் என்றால் பரப்பு இதைப்போல நான்கு மடங்கு. விலையும் அதற்கேற்ப ஏறும்.

அபெர்ச்சர் எண்ணையும் பாருங்கள். 'எஃப் 3.4 - 6.5' என்று இரண்டு எண் இருந்தால், இரண்டாவது எண்தான் முழு ஜூமில் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்று சொல்வது. எண் சின்னதாக இருந்தால் ஒளி அதிகம். பானசோனிக் எஃப்இசட்200, அதற்கு அடுத்து வந்த எஃப்இசட்300 இரண்டும் 25 முதல் 600 மி.மீ. வரை முழுக்க எஃப் 2.8-லேயே நிற்கும். எஃப் 6.5 லென்ஸோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கும் மேல் ஒளி. காலை ஆறரை மணிக்கு, தோப்பு நிழலில், மற்றவர்கள் கேமராவை உறையில் போட்டுவிட்டு நிற்கும்போது இது படம் எடுக்கும். 600-இல் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தின் நடுவை 1200 அளவுக்கு வெட்டினால் 3 மெகாபிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் சின்ன அளவில் பிரின்ட் போடவும் அது தாராளம்.

மெகாபிக்சல் விஷயத்தில் ஒன்றே ஒன்று: இந்தச் சின்ன சென்சாரில் 20 மெகாபிக்சல் என்பது 12-ஐ விட உயர்ந்தது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எந்தெந்த மாடல்களைப் பார்க்கலாம்

விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் எண் போடவில்லை. பழைய கேமராச் சந்தையில் தேட வேண்டிய பெயர்கள் இவை.

கேனான் எஸ்எக்ஸ்50 எச்எஸ், 2012-இல் வந்தது. 1200 மி.மீ., 12 மெகாபிக்சல், ரா கோப்பு (சுருக்காத மூலப் படம், அப்புறம் கம்ப்யூட்டரில் திருத்த வசதி) எடுக்கும், அறுநூறு கிராம்கூட இல்லை. பறவை பார்க்கிறவர்கள் ரொம்ப நாள் கையில் வைத்திருந்த கேமரா. இதன் குறை கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர்தான். சின்னதாக, புள்ளி புள்ளியாகத் தெரியும். அடுத்து வந்த எஸ்எக்ஸ்60 எச்எஸ் (2014), எஸ்எக்ஸ்70 எச்எஸ் (2018) இரண்டும் 1365 மி.மீ. வரை போகும். 70-இல் வியூஃபைண்டர் நன்றாக இருக்கும்.

நிக்கான் பி900, 2015-இல் வந்தது. 2000 மி.மீ. நிலாவைச் சட்டம் நிறைய எடுக்கலாம் என்பதால் எல்லோருக்கும் ஆசை வரும், தப்பில்லை. ஆனால் எடை 900 கிராம், ரா கிடையாது. 2020-இல் வந்த பி950-இல் ரா உண்டு, எடை ஒரு கிலோ. பி1000 என்பது 3000 மி.மீ., 1.4 கிலோ. முதல் கேமராவாக அதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். முழு ஜூமில் எஃப் 8 என்பதால் நல்ல வெயிலும் உறுதியான ஸ்டாண்டும் இல்லாமல் அந்த 3000-ஐப் பயன்படுத்த முடியாது.

ஒரு அங்குல சென்சாரில் பானசோனிக் எஃப்இசட்1000 (2014) 400 மி.மீ. வரை. சோனி ஆர்எக்ஸ்10-இன் மூன்றாம், நான்காம் மாடல்கள் 600 மி.மீ. வரை, எஃப் 4. அருமையான கேமரா அது. பழையதாக வாங்கினாலும் இந்த பட்ஜெட்டுக்குள் வராது.

வீட்டில் யாராவது பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) வைத்திருந்தால், புதுக் கேமரா தேடாமல் 55-250 அல்லது 70-300 லென்ஸ் மட்டும் வாங்குங்கள். 400, 450 மி.மீ. அளவுக்கு வரும். பெரிய சென்சார் என்பதால் வெட்டிப் பெரிதாக்கினாலும் தாங்கும்.

இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கட்டாயம் வேண்டும். நம்மூர் வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. அதோடு, கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும்போதுதான் கை நடுங்காமல் நிற்கும். சில 50 எக்ஸ் கேமராக்களில் இது இல்லாமலேயே விற்கிறார்கள். அதனால்தான் விலை குறைவு.

லென்ஸுக்குள்ளேயே ஆட்டத்தைக் குறைக்கும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் வேண்டும். அப்புறம் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் கொஞ்சம் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். கேனானின் இந்த வரிசையிலும் நிக்கான் பி900-இலும் அந்தப் பொத்தான் லென்ஸின் பக்கவாட்டில் இருக்கிறது. 1200 மி.மீ.-இல் கிளைக்குள் இருக்கும் தேன்சிட்டைத் தேடுவது குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் தேடுகிற மாதிரி. முதல் மாதம் முழுக்க இந்தப் பொத்தான்தான் உங்களைக் காப்பாற்றும்.

பணத்தைப் பிரிப்பது

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கேமராவில் போடாதீர்கள். நான்கில் மூன்று பங்குதான் கேமராவுக்கு. மீதியில் இன்னொரு பேட்டரி, நல்ல கடையில் வாங்கிய மெமரி கார்டு, ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்). கார்டில் போலி நிறைய வருகிறது. யூ3 (வேகக் குறியீடு) என்று போட்ட 32 அல்லது 64 ஜிபி போதும். ட்ரைபாட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பறவை அதற்காகக் காத்திருக்காது.

பழைய கேமராவைச் சோதிக்கும் முறை

இதில் அவசரப்பட்டு நான் ஒருமுறை 9,000 ரூபாய் இழந்திருக்கிறேன். இணையத்தில் விளம்பரம் பார்த்து, படங்களை நம்பி, நேரில் போய் இரண்டு படம் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கினேன். வீட்டில் வந்து லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. இந்த வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது. பழுது பார்ப்பவர், முழுக்கப் பிரித்தால்தான் ஆகும், ஆகிற செலவு நீங்கள் கொடுத்த விலையைத் தொட்டுவிடும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இந்த வரிசையில்தான் சோதிக்கிறேன். உங்கள் மெமரி கார்டையே எடுத்துப் போங்கள்.

கேமராவை அணைத்துவிட்டு, அலைபேசி டார்ச்சை லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை. நூல் நூலாகவோ பஞ்சு மாதிரியோ தெரிந்தால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆன் செய்து, ஜூமை முழுக்க வெளியே விட்டு உள்ளே இழுங்கள். பத்துத் தடவை. சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நறநறவென்று கேட்டாலோ நடுவில் ஒரு நொடி தயங்கினாலோ உள்ளே மணல் போயிருக்கிறது, இல்லை கீழே விழுந்திருக்கிறது. வெளியே நீண்டிருக்கும்போது குழலை மெதுவாகத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கும், கடகடக்கக் கூடாது.

வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ அபெர்ச்சரை எஃப் 8-இல் வைத்து எடுங்கள். படத்தில் மங்கலான வட்டப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. ஜூம் உள்ளே வெளியே போகும்போது காற்றோடு தூசியையும் இழுத்துக்கொள்ளும், இந்த வகைக் கேமராவுக்கு இது பிறவி நோய். சின்னதாக ஒன்று என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

இனி முக்கியமான சோதனை. கடைக்கு வெளியே வந்து முழு ஜூமில் எடுக்க வேண்டும். நாங்கள் போன முதல் கடையில், "அண்ணே, வெளிய நின்னு அஞ்சு நிமிஷம் எடுத்துப் பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டேன். சரி என்றார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு மருந்துக்கடை. அதன் பலகையில் கீழ் வரியில் போன் எண் சின்னதாக எழுதியிருந்தது. தம்பி தூணில் சாய்ந்து நின்று, சட்டத்தின் நடுவில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில் அந்த எண் வருகிற மாதிரி மூன்று மூன்று படம் எடுத்தான். சின்னத் திரையில் எல்லாமே சரியாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: இடது ஓரத்தில் எழுத்து கத்தி மாதிரி இருந்தது, வலது ஓரத்தில் ஈரத்தில் ஊறின மை மாதிரி ஒன்பதும் எட்டும் ஒன்றாகிக் கிடந்தன. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. இதைச் சரிசெய்ய நம்மால் ஆகாது. நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது கடையில் இருந்தது எஸ்எக்ஸ்50. இதே சோதனை முடித்து, மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையையும் எடுத்தான். காக்கையைப் போல நல்ல பரீட்சை கிடையாது. கறுப்புக்குள் கறுப்பாக இறகு வரிசை பிரிந்து தெரிய வேண்டும், கண்ணில் ஒரு துளி வெளிச்சம் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தன. கழுத்துச் சாம்பல் கறுப்போடு சேருகிற இடத்தில் தூவி எழும்பி நின்றதுகூடத் தெரிந்தது. தம்பி ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மீதிச் சோதனைகள் சீக்கிரம் முடியும். வியூஃபைண்டருக்கும் திரைக்கும் மாறுகிறதா, திரையின் கீல் இறுக்கமாக இருக்கிறதா, எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா, கீழே ட்ரைபாட் மரை தேயாமல் இருக்கிறதா. பில்லும் சார்ஜரும் கேளுங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். 14,000 சொன்னார்கள், 12,500-க்கு முடித்தோம். மிச்சப் பணத்தில் பேட்டரி, கார்டு, மோனோபாட் போக ஒரு 8 எக்ஸ் பைனாகுலருக்கும் இடம் இருந்தது.

முதல் வாரம்

ஷட்டர் ஸ்பீடை நீங்கள் தீர்மானிக்கும் முறையில் வையுங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு, அதற்குக் கீழே வேண்டாம். பறக்கும் கொக்குக்கு 1000-இல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 400 வரை நிம்மதி, 800 எல்லை. ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒன்றே ஒன்றாக வைத்து, பறவையின் கண்ணில் நிறுத்துங்கள்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஆறரை முதல் எட்டரை வரை நல்ல நேரம். பத்து மணிக்கு மேல் தண்ணீருக்கும் தார்ச்சாலைக்கும் மேலே காற்று கொதிக்கும். தூரத்துப் பறவை எல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளியும். அது கேமராவின் குறை இல்லை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் அப்படித்தான் வரும்.

முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு, பொத்தானை அழுத்துங்கள். ஒரு படம் எடுக்காமல் ஐந்தாறு தொடர்ச்சியாக எடுங்கள், ஒன்று தேறும். மாடியில் நின்று ஒரு வாரம் காக்கை, மைனா, கரிச்சான் மட்டும் எடுத்துப் பழகிவிட்டு அப்புறம் ஏரிக்குப் போங்கள்.

கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் வெயில் முட்டையைக் கெடுத்துவிடலாம், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். நீண்ட ஜூம் வாங்கியதே தள்ளி நிற்கத்தான்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகையில் கேமராவைத் துணிப்பையிலோ தோல் உறையிலோ வைத்தால் பூஞ்சை நிச்சயம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று தெரியும். அரிசிக்குள் போட்டு வைக்காதீர்கள், அதன் மாவுத்தூள் ஜூம் குழல் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, ஜூமை நாலு தடவை ஓட்டி, காலை வெயில் படும் ஜன்னலோரம் ஒரு படமாவது எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.